சிசிலித் தீவில் ஒரு மண்டகப்படி

கிறிஸ்துமஸை உன் வீட்டாரோடு கொண்டாடு, ஈஸ்டரை உனக்குப் பிடித்தவரோடு கொண்டாடு என்று இத்தாலியில் ஒரு பழமொழி உண்டு. டிசம்பரில் எல்லோரும் சொந்த ஊருக்கு ரயில் ஏறிவிடுவார்கள். ஈஸ்டருக்கோ கிடைத்த நாலைந்து நாளில் எங்காவது ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். அலுவலக நிமித்தமாக மூன்று ஆண்டுகள் மிலான் நகரில் குடியிருந்த எங்களுக்கும் அந்த விடுமுறைதான் நாலு இடம் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு. முதல் ஆண்டு ரோம் நகருக்குப் போய்க் கூட்டத்தில் நசுங்கித் திரும்பினோம். அடுத்த ஆண்டு, அதாவது 2023இல், "பெரிய ஊர் போதும், கடலோரமா சின்ன ஊர் ஏதாவது பாக்கலாம்" என்றாள் மனைவி. அப்படிப் போனதுதான் சிசிலித் தீவு.

மும்பை திரும்பியபின் நமது இதழுக்கு எழுதுமாறு ஆசிரியர் கேட்டார். "எங்கே தங்கினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்பதெல்லாம் வேண்டாம்; அங்கே என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று எழுதுங்கள்" என்று ஒரு நிபந்தனையும் போட்டார். சாப்பாட்டைப் பற்றி ஒரே ஒரு பத்தி மட்டும் அனுமதிக்குமாறு வேண்டி, மற்றபடி அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

தேதி ஏன் மாறுகிறது?

கிறிஸ்துமஸ் ஆண்டுதோறும் டிசம்பர் 25. ஈஸ்டர் மட்டும் ஏன் ஓர் ஆண்டு மார்ச்சிலும் மறு ஆண்டு ஏப்ரலிலும் வருகிறது என்று நம்மில் பலர் கேட்டிருப்போம். நமது பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி போல ஈஸ்டரும் நிலவைப் பார்த்து நடக்கும் பண்டிகை. கி.பி. 325இல் நிசேயா நகரில் கூடிய திருச்சபைப் பேரவை, எல்லோரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இதைக் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தது. பின்னர் நிலைபெற்ற விதி இதுதான்: மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு. ஆகவே மார்ச் 22க்கு முன்னும் ஏப்ரல் 25க்குப் பின்னும் ஈஸ்டர் வராது.

2023இல் பௌர்ணமி ஏப்ரல் 6ஆம் தேதி. ஈஸ்டர் 9ஆம் தேதி. அதே ஆண்டு கிரீஸ் நாட்டில் ஒரு வாரம் கழித்து ஏப்ரல் 16 அன்றுதான் ஈஸ்டர். கீழைத் திருச்சபையினர் இந்தக் கணக்கைப் பழைய ஜூலியன் நாள்காட்டியின்படி போடுவதே காரணம். மத்தியதரைக் கடலோர ஊர்களுக்கு ஈஸ்டர் சமயத்தில் போக விரும்புவோர் எந்த ஊரில் எந்தக் கணக்கு என்று முதலில் பார்த்துக்கொள்வது நலம்.

எங்கள் பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமம். அங்கே முருகன் கோயிலில் பங்குனி உத்திரத் திருவிழா பத்து நாள் நடக்கும். ஆறாம் நாள் மண்டகப்படி எங்கள் வகையறாவைச் சேர்ந்தது. தாத்தா காலத்தில் அந்த நாளில் குடும்பமே கோயிலில் நின்றது. அப்பா மாட்டுங்காவில் குடியேறிய பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போனார். என் காலத்தில் பணம் மட்டும் போயிற்று. 2023 பங்குனியிலும் மிலானிலிருந்து கைப்பேசியில் நாலு பொத்தானை அழுத்திச் சித்தப்பாவின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று விமானம் ஏறினேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போக விளங்கும்.

இருபது தொகுதிகள், இருபது தொழில்கள்

சிசிலி, கேரளத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுள்ள தீவு. கிரேக்கர், கார்த்தேஜியர், ரோமர், அரேபியர், நார்மானியர், ஸ்பானியர் என்று வந்தவர் எல்லாம் ஆண்ட பூமி. அதன் தலைநகரான பலேர்மோவில் இறங்கி ஒரு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் போனோம். கடலுக்குள் அரிவாள் போல வளைந்து நீண்ட நிலத்தில் திராப்பனி என்ற ஊர் இருக்கிறது. அதன் பழைய கிரேக்கப் பெயரான த்ரெபனோன் என்பதற்கே அரிவாள் என்றுதான் பொருள். பழைய ஊரின் சந்து ஒன்றில் மலிவாக ஓர் அறை கிடைத்தது. ஏன் மலிவு என்பதை வீட்டுக்காரர் சொல்லவில்லை. வெள்ளி இரவு முழுவதும் எங்கள் சன்னலுக்குக் கீழே பாண்டு வாத்தியம் முழங்கியபோது தெரிந்துகொண்டோம்!

திராப்பனியில் பெரிய வெள்ளியன்று மிஸ்தேரி என்னும் ஊர்வலம் நடக்கிறது. இயேசுவின் பாடுகளைக் காட்டும் 20 சிலைத் தொகுதிகள், பிற்பகல் 2 மணிக்குப் புர்காத்தோரியோ தேவாலயத்திலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. இரவெல்லாம் ஊரைச் சுற்றி, மறுநாள் பிற்பகலில்தான் திரும்ப உள்ளே போகின்றன. ஏறத்தாழ 24 மணி நேரம்! சிலைகள் பெரும்பாலும் 17, 18ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. முகமும் கைகால்களும் மரம். உடைகள் பசையில் தோய்த்து இறுக வைத்த துணி. சிலையின் மடிப்புகள் உண்மையான துணியின் மடிப்புகளாகவே தெரிவதற்கு அதுதான் காரணம். சிசிலி ஸ்பானிய ஆட்சியில் இருந்த காலத்தில் வேரூன்றிய வழக்கம் இது.

இதில் என்னைக் கவர்ந்தது சிலைகளின் அழகு மட்டுமல்ல. ஒவ்வொரு தொகுதியும் ஒரு தொழில் செய்வோரின் பொறுப்பு. கெத்சமனித் தோட்டத்தில் இயேசு ஜெபிக்கும் காட்சி காய்கறித் தோட்டக்காரர்களுடையது. சீடர்களின் பாதங்களைக் கழுவும் காட்சி மீனவர்களுடையது. முள்முடி சூட்டும் காட்சி ரொட்டி சுடுபவர்களுடையது. சிலுவையை நிமிர்த்தும் காட்சி யாருடையது என்று மகளைக் கேட்டேன். அவளுக்கு அப்போது 11 வயது. உடனே "தச்சர்!" என்றாள், சரிதான். பேதுரு மறுதலிக்கும் காட்சியில் ஒரு சேவல் நிற்கிறது. அது முடி திருத்துவோருடையது. இயேசுவைக் கல்லறைக்குத் தூக்கிச் செல்லும் காட்சி உப்பளத் தொழிலாளர்களுடையது. கடைசியில் வரும் வியாகுல மாதா, ஓட்டல் பணியாளர், வண்டி ஓட்டுநர் போன்றோருடையது.

இந்த ஏற்பாடு 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே வருகிறது. சிலைகளைச் செய்வித்த பக்த சபையால் அத்தனையையும் தானே பராமரிக்க முடியவில்லை. எனவே ஒவ்வொரு தொகுதியையும் ஒரு தொழிற்குழுவிடம் பத்திரம் எழுதி ஒப்படைத்தது. கல்வாரிக்கு ஏறும் காட்சியைப் பொதுமக்களிடம் ஒப்படைத்த பத்திரம் 1612ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சிலை உங்களுடையது அல்ல, ஆனால் அதை அழகுபடுத்துவதும், பழுது பார்ப்பதும், ஆண்டுதோறும் வெளியே கொண்டுவருவதும் உங்கள் பொறுப்பு என்பதே ஒப்பந்தம்.

படித்ததும் எனக்கு நம் ஊர் நினைவு வந்தது. நமது கோயில்களில் முதல் நாள் இந்தச் சமூகம், இரண்டாம் நாள் அந்த வியாபாரிகள், மூன்றாம் நாள் இன்னார் குடும்பம் என்று திருவிழாவைப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்களே, அந்த மண்டகப்படிதான் இது! கடல் கடந்த ஒரு தீவில், வேறொரு சமயத்தில், அதே நிர்வாக அறிவு. ஊருக்கே பொதுவான வேலை என்றால் யாரும் செய்ய மாட்டார்கள். இது உன் பங்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் 400 ஆண்டுகள் ஆனாலும் நடக்கும்.

இடையில் சோதனைகள் வராமல் இல்லை. 1943இல் நடந்த குண்டுவீச்சில் சிலைகள் அப்போது இருந்த சான் மிக்கேலே தேவாலயம் இடிந்தது. சேதமடைந்த தொகுதிகளைத் தொழிற்குழுக்கள் சீர் செய்தன. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் கொரோனாவால் ஊர்வலம் நடக்கவில்லை. தொழிற்குழுக்களுக்கு ஒரு காலத்தில் இருந்த சட்ட அதிகாரமெல்லாம் என்றோ போய்விட்டது. ஆனாலும் பங்கு மட்டும் போகவில்லை.

தோளில் ஓர் இடம்

சிலைகளைச் சுமப்பவர்களுக்கு மஸ்ஸாரி என்று பெயர். நம்மூர் சீர்பாதந்தாங்கிகளைப் போலவே தோளில் தடித்த மரத்தண்டுகளை ஏற்றிச் சுமக்கிறார்கள். வெள்ளி அணிகளும் பூக்களும் சேர்ந்து ஒவ்வொரு தொகுதியும் பல நூறு கிலோ எடை. முன்னால் நிற்பவர் சாக்கொலா என்னும் சிறு மரக்கருவியைத் தட்டினால் தூக்குவார்கள். மறுபடி தட்டினால் இறக்குவார்கள். நடை நேர்நடை அல்ல. வாத்தியத்தின் தாளத்துக்கு இசைந்து இடமும் வலமுமாக அசைந்து அசைந்து போகிறார்கள். இந்த அசைவுக்கு அன்னக்காத்தா என்று பெயர். சிசிலி மொழியில் நாக்கா என்றால் தொட்டில். அதிலிருந்து வந்த சொல். பல்லக்கில் சுவாமி ஆடி வருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவே தேவையில்லை.

சனிக்கிழமை பிற்பகலில்தான் அந்த ஊர்வலத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று கண்டேன். தேவாலய வாசல் வரை வந்த சிலை உள்ளே போவதில்லை. நாலடி முன்னால் போகும், ஆறடி பின்னால் வரும். வாத்தியம் நிற்காது. கூட்டம் கைதட்டும். மறுபடி வாசல், மறுபடி பின்வாங்கல். இரவெல்லாம் சுமந்து தோள் கன்றிப்போனவர்கள் இறக்கி வைக்க மனமில்லாமல் ஆடுகிறார்கள். கடைசியில் உள்ளே போய்க் கதவு மறைத்ததும், மலை போன்ற ஆண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குலுங்கி அழுகிறார்கள்.

எங்கள் அருகில் வந்து தண்ணீர் குடித்த இளைஞர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வடக்கே தூரின் நகரில் ஒரு கிடங்கில் வேலை. உள்ளூரில் வேலை இல்லை. கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் வெளியூரிலோ ஜெர்மனியிலோ இருக்கிறார்கள் என்றார். "இதற்காகவா அவ்வளவு தூரம் வருகிறீர்கள்?" என்று கேட்டேன். என் இத்தாலிய மொழி அரைகுறை, மகள் சரியாகக் கேட்டுச் சொன்ன பதில் இது: "கிறிஸ்துமஸுக்கு வராவிட்டால் அம்மா மன்னித்துவிடுவாள். இதற்கு வராவிட்டால் தண்டுக்கு அடியில் என் இடத்தில் வேறொருவன் நிற்பான்."

தென் இத்தாலிச் சிற்றூர்கள் பலவற்றின் கதை இது. இளைஞர்கள் வெளியேறிவிட, வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. யாராவது வந்து குடியேறினால் போதும் என்று ஒரு யூரோ விலைக்குப் பழைய வீடுகளை விற்கும் ஊர்கள் சிசிலியிலேயே இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் மனிதனை ஆண்டுக்கொருமுறையாவது இழுத்து வருவது ஊர்ப்பாசம் என்ற பொதுவான உணர்ச்சி அல்ல. தண்டுக்கு அடியில் ஒரு தோள் அகலத்துக்கு அவனுக்கென்று உள்ள இடம். நான் வங்கி வழியாக அனுப்பிய மண்டகப்படிப் பணம் அப்போது என் நினைவில் உறுத்தியது.

மாலையில் ஊருக்குத் தெற்கே உப்பளங்களைப் பார்த்தோம். பாச்சேகோ வரை பரந்து கிடக்கும் பாத்திகள், நடுவே பழைய காற்றாலைகள், தூரத்தில் பூநாரைக் கூட்டம். 1995 முதல் இது பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி. உப்பு எடுப்பதும் நடக்கிறது. அறுவடை கோடையில். குவித்த உப்பை மழைக்குக் காக்க எங்கள் ஊரில் பனையோலை வேய்வார்கள். இங்கே சுட்ட ஓடுகளை அடுக்குகிறார்கள். உப்பளத்தில் வெறுங்காலோடு நின்று பழகிய எங்கள் ஊர்க்காரர்களுக்கு, கல்லறைக் காட்சியைச் சுமக்கும் அந்தத் தொழிலாளர்களின் தோள் எப்படி இருக்கும் என்று சொல்லாமலே விளங்கும்.

ஆசிரியர் அனுமதித்த அந்த ஒரு பத்தி

சைவ உணவுக்காரர்கள் சிசிலியில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கத்தரிக்காயைப் பொரித்துப் புளிப்பும் இனிப்புமாகச் செய்யும் கப்பொனாத்தா சோற்றுக்கே தொட்டுக்கொள்ளலாம் போல இருக்கும். திராப்பனியில் கூஸ்கூஸ் என்னும் ரவை உணவு, எதிர்க்கரையான வட ஆப்பிரிக்காவின் கொடை. அங்கே அதை மீன் குழம்போடு தருவதால் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். பலேர்மோவில் கடலை மாவைக் கிளறி, ஆறவைத்து, வில்லைகளாக்கிப் பொரித்து, பன்னுக்கு நடுவே வைத்துத் தெருவோரம் விற்கிறார்கள். பெயர் பனெல்லே. முதல் கடி கடித்ததும் மகள் "வடா பாவ்!" என்று கத்தினாள். தாதர் ஸ்டேஷன் வாசலை நினைத்து நாங்கள் மூவரும் சிறிது நேரம் பேசாமல் சாப்பிட்டோம்.

ஐந்நூறு ஆண்டாக ஒரு மொழி

ஈஸ்டர் ஞாயிறன்று பலேர்மோவுக்குத் தெற்கே மலைகளுக்கிடையில் இருக்கும் பியானா தெலி அல்பனேசி என்ற ஊருக்குப் போனோம். பலேர்மோவிலிருந்து 25 கிலோமீட்டர்கூட இராது. சுமார் ஆறாயிரம் பேர் வாழும் ஊர். ஊர் எல்லையில் பெயர்ப்பலகை இரு மொழிகளில் நின்றது. இத்தாலியில் ஒரு பெயர். கீழே அல்பேனிய மொழியில் ஹோரா எ அர்பெரெஷ்வெத். ஹோரா என்றால் ஊர். உள்ளூர்க்காரர்களுக்கு அது வெறும் ஹோராதான்.

15ஆம் நூற்றாண்டில் துருக்கிய உதுமானியர் அல்பேனியாவை வென்றனர். அவர்களை எதிர்த்துப் போரிட்ட ஸ்கந்தர்பெக் 1468இல் இறந்த பிறகு அல்பேனியர் பலர் கடல் கடந்து தென் இத்தாலியிலும் சிசிலியிலும் புகலிடம் தேடினர். அவர்களில் ஒரு கூட்டம் 1488இல் அமைத்த ஊர் இது. அர்பெரெஷ் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் இம்மக்கள் 500 ஆண்டுகளுக்கு மேலாகியும் அல்பேனிய மொழியின் பழைய வடிவத்தைப் பேசி வருகிறார்கள். வழிபாட்டு முறை கிரேக்கக் கீழைமுறை. ஆனால் தலைமை ரோமாபுரித் திருத்தந்தை. திருமணமானவரும் குருவாகலாம். ஈஸ்டரை மட்டும் ரோம் கணக்கிலேயே கொண்டாடுகிறார்கள்.

அன்று பெண்கள் உடுத்துவது தலைமுறை தலைமுறையாகப் பாதுகாக்கும் மணக்கோலம். பட்டில் பொன் சரிகை வேலைப்பாடு, இடையில் பிரெஸி எனப்படும் பெரிய வெள்ளிக் கச்சை. புனித தெமெத்ரியோ பேராலயத்தில் கிரேக்கத்திலும் அல்பேனியத்திலும் வழிபாடு முடிந்ததும், ஸ்கந்தர்பெக்கின் இயற்பெயரைத் தாங்கிய கடைத்தெரு வழியாக அவர்கள் அணிவகுத்து வருகிறார்கள். பிறகு சிவப்புச் சாயம் தோய்த்த முட்டைகளை வந்தவர்க்கெல்லாம் வழங்குகிறார்கள். சிவப்பு இயேசுவின் இரத்தம். முட்டை புதிய உயிர். எங்கள் மகளுக்கும் ஒன்று கிடைத்தது.

மொழி எப்படிப் பிழைத்தது? விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன். முதலாவது, வழிபாடு தனித்திருந்ததால் சமூகம் கரைந்துபோகவில்லை. இரண்டாவது, எழுத்து. இவ்வூரைச் சேர்ந்த லூகா மத்ராங்கா என்ற குரு 1592லேயே ஞானோபதேச நூலொன்றை அல்பேனிய மொழியில் அச்சிட்டார். மூன்றாவது, படிப்பு. 1734இல் பலேர்மோவில் இவர்களுக்கென்று குருமடம் தொடங்கப்பட்டு, படித்த ஒரு கூட்டம் உருவாயிற்று. நான்காவது, சட்டம். 1999இல் இத்தாலி இயற்றிய சிறுபான்மை மொழிச் சட்டம் அல்பேனியத்துக்கும் பள்ளியிலும் அலுவலகத்திலும் இடம் அளித்தது.

ஆனால் இவை மட்டும் போதா. சிசிலியிலேயே அல்பேனியர் குடியேறிய வேறு ஊர்களும் உண்டு. மெட்சோயூசோ, பலாட்சோ அத்ரியானோ ஆகிய ஊர்களில் கிரேக்க வழிபாடு இன்னும் இருக்கிறது, மொழி போய்விட்டது. 1988இல் வெளிவந்த சினிமா பாரதீசோ என்ற புகழ்பெற்ற படத்தின் ஊர்ச் சதுக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். அது பலாட்சோ அத்ரியானோதான். அதே மக்கள், அதே காலத்து வருகை, அதே வழிபாடு. ஓரிடத்தில் மொழி இருக்கிறது, மற்றோரிடத்தில் இல்லை. அப்படியானால் வித்தியாசம் எங்கே?

ஒரு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த பாட்டி ஒருவர் அதற்குப் பதில் சொன்னார். பேத்தியின் இடையில் கச்சையைச் சரி செய்துகொண்டிருந்தவரிடம் எங்கள் மகள் போய் நின்றாள். பாட்டி எங்கள் மொழி எது என்று விசாரித்தார். "அப்பா தமிழில் பேசுவார், நான் இத்தாலியில் பதில் சொல்வேன்" என்றாள் இவள், ஏதோ பெருமையான விஷயம் போல. பாட்டி அவளை விட்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் அதைக் கேட்டுக்கொள்கிறீர்களா?" என்றார். நான் தலையசைத்தேன். "அதுதான் தவறு. என் பேரப்பிள்ளைகள் இத்தாலியில் கேட்டால் எனக்குக் காது கேட்காது. எங்கள் மொழியில் கேட்டால்தான் கேட்கும். பசி வந்தால் சரியாகப் பேசுவார்கள்!" பேத்தி சிரித்தாள். ஆனால் பாட்டியிடம் அவள் அடுத்து ஏதோ கேட்டது இத்தாலியில் அல்ல.

மலைமேல் தமிழ்

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமையும் இத்தாலியில் விடுமுறை. நமது காணும் பொங்கல் போலக் கட்டுச்சோற்றோடு வெளியே போகும் நாள். பலேர்மோவை ஒட்டிக் கடலோரம் நிற்கும் மோந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு நாங்களும் ஏறினோம். அங்கே ஒரு குகைக்குள் சாந்தா ரொசாலியா என்னும் புனிதையின் கோயில் இருக்கிறது. 1624இல் தொடங்கிய கொள்ளைநோயிலிருந்து நகரத்தைக் காத்தவர் என்று பலேர்மோ மக்கள் அவரைப் போற்றுகிறார்கள். குகையின் கூரையிலிருந்து சொட்டும் நீரைத் தகரக் கால்வாய்கள் கட்டிப் பிடிக்கிறார்கள்.

குகை வாசலில் நல்ல தமிழ் கேட்டது! திரும்பிப் பார்த்தால் புடவை உடுத்திய பெண்களும் பிள்ளைகளுமாக ஒரு குடும்பம். இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு அகதிகளாக வந்த தமிழர்களில் பலர் பலேர்மோவில் குடியேறினர். கத்தோலிக்கரோடு சைவர்களும் இந்த மலைக்கு வழிபட வருகிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி.

"அண்ணை, நீங்கள் இந்தியாவோ?" என்று அந்தக் குடும்பத் தலைவர் கேட்டார். பெரிய வீடுகளைத் துப்புரவு செய்யும் வேலை, நெற்றியில் திருநீறு. கிறிஸ்தவக் கோயிலில் எப்படி என்று நான் இழுத்தபோது அவர் மனைவி சொன்னார்: "மலையிலை இருக்கிறா, குகைக்கை இருக்கிறா, ஊரைக் காப்பாத்தினவா. வேறை என்ன வேணும் அண்ணை?" எனக்குப் பழனியும் பழமுதிர்சோலையும் நினைவுக்கு வர, மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை.

அவர்களுடைய மகளுக்கும் எங்கள் மகள் வயதுதான் இருக்கும். பலேர்மோவிலேயே பிறந்தவள். இருவரும் இத்தாலியில் பேசத் தொடங்கினார்கள். இரண்டு வாக்கியம் போவதற்குள் அந்தத் தாய், "பிள்ளை, தமிழிலை கதை. அவையளும் தமிழ்தானே" என்றார். அந்தப் பெண் உடனே மாறிக்கொண்டாள். எங்கள் மகள்தான் திணறினாள். வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது, பெற்றோர்களே முறை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம், வேலை முடிந்து களைத்து வந்தாலும் தன் முறையைத் தவறவிடுவதில்லை என்று அவர் சொன்னார். போரில் ஊரை இழந்து, வீடு துடைத்துப் பிழைப்பவர்கள் அதைச் செய்கிறார்கள். விமானத்தில் வசதியாகப் போய்வரும் நான் செய்யவில்லை. மலையிலிருந்து இறங்கும்போது வெகுநேரம் யாரோடும் பேசத் தோன்றவில்லை.

நமக்கு என்ன?

மிலான் திரும்பிய அன்று இரவே எனக்குக் காது மந்தமாகிவிட்டது. மகள் சாப்பாட்டு மேசையில் இத்தாலியில் உப்புக் கேட்டாள், கேட்கவில்லை. ஆங்கிலத்தில் கேட்டாள்; கேட்கவில்லை. ஹிந்தியிலும் முயன்று பார்த்தாள். மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். கடைசியில் கோபமாக "அப்பா, உப்பு குடுங்க!" என்றாள். கொடுத்தேன். முதல் மாதம் வீட்டில் சண்டை இல்லாத நாள் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்று தடுமாறாமல் பேசுகிறாள். படிப்பதுதான் இன்னும் தகராறு.

2024இல் மும்பை திரும்பினோம். 2025 பங்குனியில் மண்டகப்படிக்கு மூவரும் ஊருக்குப் போனோம். இருபது ஆண்டுக்குப் பிறகு கோயில் வாசலில் என்னைக் கண்ட சித்தப்பா வரவேற்புரை எதுவும் நிகழ்த்தவில்லை. "வந்துட்டேல்லா! சும்மா நிக்காத, இந்தத் தீவட்டியப் பிடி" என்றார். எண்ணெய் கையில் ஒழுக, நாலு தெரு சுற்றி வந்தேன். என் பணம் போய்ச் சேர்ந்த ஆண்டுகளில் அந்தத் தீவட்டியைக் கூலிக்கு ஆள் வைத்துப் பிடித்தார்களாம்.

நமது சங்கத்து விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் விழாவுக்கு ரசீதுப் புத்தகத்தை நீட்டினால் நாம் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. ஆனால் ஞாயிறு தமிழ் வகுப்பு ஆசிரியர் கிடைக்காமல் இரண்டு முறை நின்றுபோயிற்று. பிள்ளைகள் வருவதில்லை என்கிறோம்; வந்த பிள்ளைகளுக்கு ஆசிரியர் வராத நாட்களும் உண்டு. தமிழ் வகுப்பு எல்லோருக்கும் பொதுவாக இருப்பதுதான் கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது. திராப்பனியில் செய்ததுபோல் அதைப் பங்கு பிரித்து எழுதிவிட்டால் என்ன? முதல் ஞாயிறு இந்தக் குடும்பம், இரண்டாம் ஞாயிறு அந்தக் குடும்பம். ஒருவர் கதை சொல்லட்டும், ஒருவர் எழுத்துச் சொல்லிக்கொடுக்கட்டும், ஒருவர் பிள்ளைகளை வண்டியில் அழைத்து வரட்டும். பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதிவிட வேண்டும். வர முடியாதவர் பணம் அனுப்பிச் சரிக்கட்ட முடியாது என்பது மட்டும் விதி.

ஜூன் மாதம் பள்ளிகள் திறந்ததும் வகுப்பை மீண்டும் தொடங்கச் செயலாளர் முயன்று வருகிறார். மாதத்தின் மூன்றாம் ஞாயிறு, காலை 10 மணி முதல் 11 மணி வரை என்று என் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு வந்திருக்கிறேன். மற்ற ஞாயிறுகள் காலியாக இருக்கின்றன.